அண்ணன் அழவைத்தான், தம்பி கடித்துவைத்தான்

1955 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கெல்லி என்கிற பட்டிக்காட்டில், சட்டன் குடும்பத்தின் பண்ணைவீடு. வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர் தண்ணீர் சேந்தக் கிணற்றடிக்குப் போனார். போனவர் வெறும் வாளியோடு ஓடிவந்து, வானத்திலிருந்து என்னவோ பளபளவென்று இறங்கியது என்றார். யாரும் சட்டை பண்ணவில்லை. சற்று நேரத்தில் நாய் குரைத்தது. இருட்டுக்குள்ளிருந்து மூன்றடி உயரம், விரிந்த காது, மின்னும் கண் என்று ஓர் உருவம் இரண்டு கையையும் தூக்கியபடி வீட்டை நோக்கி வந்தது.

கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனைச் சுடக்கூடாது என்பது உலக நியதி. அந்தத் தகவல் கெல்லி வரைக்கும் போய்ச் சேரவில்லை. ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். உருவம் குட்டிக்கரணம் போட்டு மறைந்தது. பிறகு கூரைமேல் ஒன்று, மரத்தில் ஒன்று. மணிக்கணக்கில் வேட்டு. கடைசியில் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினொரு பேர் கார்களில் அடைந்துகொண்டு பக்கத்து ஹாப்கின்ஸ்வில் காவல் நிலையத்துக்குப் பறந்தார்கள். போலீஸ் வந்தது, டார்ச் அடித்தது, தேடியது. கிடைத்தது ஜன்னல் வலையில் இருந்த ஓட்டைகள்தான். அதுவும் இவர்கள் சுட்டது.

அந்த உருவங்கள் வெள்ளி நிறம் என்றுதான் குடும்பத்தார் சொன்னார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு வெள்ளி பிடிக்கவில்லை, பச்சை அடித்துவிட்டார்கள். மறுநாள் முதல் வேடிக்கை பார்க்கக் கூட்டம். வந்தவர்களிடம் சட்டன் வீட்டார் காசு வசூலிக்க ஆரம்பித்ததும், அதுவரை பாதி நம்பியவர்களும் மீதி நம்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வந்தது வேற்றுகிரகவாசிகள் இல்லை, பெரிய கொம்பன் ஆந்தைகள் என்று பிற்காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். ஆந்தைக்கு மூன்றடி உயரம் ஏது என்று கேட்காதீர்கள். பயந்தவன் கண்ணுக்கு ஓரடி கூடத்தான் தெரியும்.

இந்த ஆந்தைகள்தான் ஹாலிவுட்டுக்குப் படியளந்த தெய்வங்கள். எப்படி என்றால் இப்படி.

1977-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், 'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' எடுத்தார். கொலம்பியா நிறுவனத்துக்குக் கல்லா நிறைந்தது. கல்லா நிறைந்த முதலாளி வழக்கமாகக் கேட்பதையே அவர்களும் கேட்டார்கள்: இரண்டாம் பாகம் எப்போ? ஸ்பீல்பெர்க்குக்கு அதில் மனமில்லை. அதற்குப் பதிலாகக் கெல்லிக் கதையைக் கையிலெடுத்தார். 'நைட் ஸ்கைஸ்' என்று பெயர். ஜான் சேல்ஸ் திரைக்கதை எழுதினார். ஒரு பண்ணைக் குடும்பம், அதை முற்றுகையிடும் குட்டி வேற்றுகிரகவாசிகள், அறுபடும் மாடுகள். அந்தப் போக்கிரிக் கும்பலில் ஒன்று மட்டும் நல்ல பிள்ளை. அது அந்த வீட்டுப் பையனோடு சிநேகமாகி, கடைசியில் பூமியிலேயே தனியாக விடப்பட்டு நிற்கும். பொம்மை செய்கிற பொறுப்பு ரிக் பேக்கருக்கு. பணம் லட்சக்கணக்கான டாலரில் கரைந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஸ்பீல்பெர்க் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படப்பிடிப்புக்காகத் துனிசியா பாலைவனத்தில் இருந்தார். பகலெல்லாம் நாஜிகளை அடித்து உதைத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மனசு இளகிவிட்டது. மாட்டை அறுக்கிற கும்பல் வேண்டாம், அந்தத் தனியாக நிற்கும் பிள்ளை மட்டும் போதும் என்று தோன்றியது. மெலிசா மாத்திசனிடம் சொல்லி எழுதவைத்தார். அதுதான் 'ஈ.டி.' ரிக் பேக்கர் கொதித்துப்போனார். பின்னே, மாதக்கணக்கில் அரக்கர்களைப் பெற்று வளர்த்தவரிடம் வந்து, குழந்தை ஒன்று போதும் என்றால் கோபம் வராதா?

கொலம்பியாவோ கதையைக் கேட்டுவிட்டு, இது ஓடாது என்று தள்ளிவிட்டது. யுனிவர்சல் வாங்கிக்கொண்டது. 1982-இல் வெளியான படம், வசூலில் அதுவரை உலகம் காணாத உயரத்தைத் தொட்டு, 1993-இல் டைனோசர்கள் வந்து இறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது. குட்டி வேற்றுகிரகவாசியைக் கொலம்பியா கோட்டைவிட்டது இது இரண்டாம் முறை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1967-இல் சத்யஜித் ராய், வங்காளத்துக் கிராமக் குளத்தில் வந்திறங்கும் ஒரு குட்டி விருந்தாளியைப் பற்றி 'தி ஏலியன்' என்று எழுதி வைத்திருந்தார். அதுவும் இதே கொலம்பியாவின் படிக்கட்டில்தான் ஏறி இறங்கிக் கடைசிவரை படமாகவில்லை. வாசலுக்கு வந்த லட்சுமியை ஒருமுறை விரட்டுவது அறியாமை. இரண்டு முறை விரட்டுவது கம்பெனிக் கொள்கை.

சரி, 'நைட் ஸ்கைஸ்' என்ன ஆயிற்று? பாகப்பிரிவினை ஆயிற்று. நல்ல பிள்ளை 'ஈ.டி.'க்குப் போனது. பீதியில் உறைந்த குடும்பம் 'போல்டர்கைஸ்ட்' படத்துக்குப் போனது. வீட்டுக்குள் புகுந்து அட்டூழியம் பண்ணும் குட்டிகளின் குறும்பு, ஸ்பீல்பெர்க் தயாரித்து ஜோ டான்டே இயக்கிய 'கிரெம்லின்ஸ்'ஸில் எட்டிப் பார்த்தது. மிச்சம் கிடந்தது பண்ணைவீடு, செத்த மாடு, துப்பாக்கி, கடிக்கிற வாய். இந்த நாலையும் உரிமை கொண்டாட யாரும் வரவில்லை. நாலு வருஷம் கழித்து நியூ லைன் சினிமா என்கிற, அப்போது கையிருப்பு அதிகமில்லாத கம்பெனியின் வாசலில் 'கிரிட்டர்ஸ்' என்ற படமாகப் போய் இறங்கின. 'நைட் ஸ்கைஸ்'ஸுக்கும் 'கிரிட்டர்ஸ்'ஸுக்கும் ரத்த சம்பந்தம் உண்டென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஜாடை அப்பட்டமாகத் தெரிகிறது.

இடையில் 1984-ஐக் கடந்தாக வேண்டும். 'கிரெம்லின்ஸ்' 1 கோடியே 10 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் 15 கோடியை ஒட்டி அள்ளியது. அவ்வளவுதான், கையில் ரப்பரும் உரோமத் துணியும் வைத்திருந்த ஒவ்வொருவனும் தயாரிப்பாளர் ஆனான். 'கூலீஸ்' படத்தை விற்றதே அதன் சுவரொட்டிதான்: கழிப்பறைக் கோப்பையிலிருந்து பச்சை நிறத்தில் ஒன்று தலை நீட்டும். அமெரிக்கக் குழந்தைகள் எத்தனை பேர் அந்தச் சுவரொட்டியால் ராத்திரி அடக்கிக்கொண்டு படுத்தார்களோ. சிக்கனச் சக்கரவர்த்தி ரோஜர் கார்மன் 'மன்ச்சீஸ்' எடுத்தார். அதில் அவர் செய்த சாமர்த்தியம், இயக்குநர் பொறுப்பை டீனா ஹிர்ஷிடம் கொடுத்தது. 'கிரெம்லின்ஸ்' படத்தைத் தொகுத்தவரே அவர்தான். காப்பியடிப்பது என்று முடிவு செய்தபிறகு, விடைத்தாளைத் திருத்தியவரையே கூட்டிவந்துவிட்டார்.

'கிரிட்டர்ஸ்' 1986 ஏப்ரலில் வந்தது. டொமினிக் மியூர் எழுதிய கதை, ஸ்டீவன் ஹெரெக்குக்கு முதல் படம். கிரெம்லின்ஸைப் பார்த்துப் போட்ட சூடு என்று எல்லோரும் சொன்னார்கள். ஹெரெக் மறுத்தார்: எங்கள் கதை கிரெம்லின்ஸ் எடுப்பதற்கு முன்பே எழுதப்பட்டது, இன்னும் சொல்லப்போனால் அந்தப் படம் வந்தபிறகு ஒற்றுமைகளைக் குறைக்கத் திருத்தி வேறு எழுதினோம் என்றார். கோடம்பாக்கத்தில் நாம் கேட்டுப் பழகிய கதைப் பஞ்சாயத்துதான். நான் ஹெரெக் பக்கம். ஏனென்றால் கிரெம்லினுக்கு மூன்று சட்டதிட்டம் உண்டு: வெளிச்சம் ஆகாது, தண்ணீர் படக்கூடாது, நள்ளிரவுக்கு மேல் சோறு போடக்கூடாது. மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்த மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை பத்தியம் கிடையாது. கிரிட்டருக்கு ஒரு விதியும் இல்லை. எந்நேரமும் சாப்பிடும், எதையும் சாப்பிடும், எத்தனை தடவையும் சாப்பிடும்.

கதை இதுதான். விண்வெளிச் சிறைக்குக் கொண்டுவரப்படும் எட்டு 'க்ரைட்'கள், அதாவது நம் கிரிட்டர்கள், கப்பலைத் திருடிக்கொண்டு தப்பிக்கின்றன. ஆளுயரம் இல்லை, முழங்காலுக்குக் கீழேதான். கறுத்த உரோமம், சிவந்த கண், உடம்பில் பாதி வாய், வாய் நிறையப் பல்லு. முதுகிலிருந்து மயக்க ஊசியாய் முள் எய்யும். ஓடத் தெரியாது, உருளும். கான்சாஸ் மாநிலத்தில் குரோவர்ஸ் பெண்ட் என்கிற ஊரில் வந்திறங்கி, பிரவுன் குடும்பத்தின் பண்ணையில் மாட்டிலிருந்து கணக்கை ஆரம்பிக்கின்றன. படம் எடுத்தது கலிஃபோர்னியாவில். 20 லட்சம் டாலர் சொச்சத்தில் கான்சாஸுக்கெல்லாம் வண்டிச்சத்தம் கட்டுமா?

இவற்றைப் பிடிக்க இரண்டு விண்வெளிக் கூலிவீரர்கள் அனுப்பப்படுகிறார்கள். இவர்களுக்கு முகமே கிடையாது. கண்ட முகத்தைப் போட்டுக்கொள்வார்கள். ஒருவன் வரும் வழியிலேயே பூமியின் டிவி பார்த்து, ராக் பாடகன் ஜானி ஸ்டீலின் முகத்தை எடுத்துக்கொள்கிறான். அந்த வேஷத்தில் வந்த டெரன்ஸ் மான் சாதாரண ஆள் இல்லை. பிராட்வேயில் 'கேட்ஸ்' இசைநாடகத்தில் ஆடியவர், 1987-இல் 'லே மிசராப்ளே'யில் ஜாவேர். இரண்டாமவனுக்கு எந்த முகமும் ஒத்துவரவில்லை. செத்த போலீஸ்காரர், ஊர்ப் பாதிரியார், ஊர்க் குடிகாரன் என்று போகிற இடமெல்லாம் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறான். இருவரும் ஆளுயரத் துப்பாக்கியோடு தேவாலயத்துக்குள் நுழைகிறார்கள், பவுலிங் கூடத்துக்குள் நுழைகிறார்கள். கிரிட்டர்கள் தின்றதைவிட இவர்கள் உடைத்ததுதான் அதிகம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை ஹாலிவுட் இவ்வளவு நேர்மையாக வேறெங்கும் சொன்னதில்லை. கிளைமாக்ஸில் நிஜமாகவே வீடு வெடித்துப்போகிறது. பிறகு, விண்வெளிக்காரர்கள் விட்டுப்போன கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால், சிதறிய ஓடும் செங்கல்லும் பின்னோக்கிப் பறந்துவந்து ஒட்டிக்கொள்கின்றன. இன்ஷூரன்ஸ்காரன் இல்லாத உலகம்.

அந்தப் பொம்மைகள் சியோடோ சகோதரர்களின் கைவண்ணம். சார்லஸ், ஸ்டீவன், எட்வர்ட் என்று மூன்று பேர். 1988-இல் இதே மூவரும் 'கில்லர் க்ளௌன்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்று, சர்க்கஸ் கோமாளிகளை விண்வெளியிலிருந்து இறக்கி, மனிதர்களைப் பஞ்சு மிட்டாயாகச் சுற்றி வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு ரகசியம் தெரிந்திருந்தது: பொம்மைக்குக் காசில்லை என்றால் அதற்குப் பேச்சுக் கொடு. கிரிட்டர்கள் தங்களுக்குள் கீச்சுக்குரலில் பேசிக்கொள்ளும். கீழே எழுத்தில் அர்த்தம் வரும். வாசலில் நின்றபடி ஒன்று, இவர்களிடம் ஆயுதம் இருக்கிறது என்று எச்சரிக்கும். இருந்தால் என்ன என்று இன்னொன்று அலட்சியமாகக் கேட்கும். கேட்டு முடிப்பதற்குள் ஒரு வேட்டு, ஒரு பங்காளி காலி. மிஞ்சியது அப்போது உதிர்க்கும் ஒற்றைச் சொல்லை இந்தப் பக்கத்தில் அச்சேற்ற முடியாது. பிரபஞ்சம் எவ்வளவு பெரியது, வசவு மட்டும் ஒன்றேதான்.

இந்தப் படத்தில் நான் எழுந்து நின்று கைதட்டும் இடம் வேறு. பையனின் அறைக்குள் ஒரு கிரிட்டர் நுழைகிறது. அங்கே ஓர் ஈ.டி. பொம்மை. நீ யார் என்று கேட்கிறது. பதில் இல்லை. கடித்துத் தலையைத் துண்டிக்கிறது. ஒரு வயிற்றில் தரித்து, ஒருவன் மாளிகைக்கும் மற்றவன் தெருவுக்கும் போன கதைகளை நம் சினிமா எத்தனையோ எடுத்திருக்கிறது. சந்தித்த இடத்தில் மச்சத்தைக் காட்டி அழாமல் கழுத்தைக் கடித்த தம்பி இவன் ஒருவன்தான். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்த வீட்டின் அம்மாவாக நடித்தவர் டீ வாலஸ். 'ஈ.டி.'யிலும் அம்மா அவரேதான்! 1982-இல் வந்த விருந்தாளி ரீஸஸ் பீஸஸ் மிட்டாயோடு திருப்தியடைந்தது. 1986-இல் வந்தவை சோபாவையும் விடவில்லை. மூத்தவனை நம்பி, அதே வாசலைத் திறந்து வைத்ததற்கு அந்தம்மாவுக்குக் கிடைத்த பலன்.

படம் 1 கோடியே 30 லட்சம் டாலர் வசூலித்தது. ஜீன் சிஸ்கல், ரோஜர் ஈபர்ட் என்ற இரண்டு விமர்சகப் பெரியவர்களும் கட்டைவிரலை மேலே தூக்கினார்கள். நியூ லைன் முதலாளி ராபர்ட் ஷேயுக்குச் சந்தோஷம். அவருக்கு இது குடும்பப் படமும்கூட. காவல் நிலையத்தில் போன் எடுக்கும் பெண்ணாக வருபவர் அவருடைய தங்கை லின் ஷே.

கல்லா நிறைந்த முதலாளியின் கேள்வி மறுபடி வந்தது. 1988-இல் இரண்டாம் பாகம். மிக் கேரிஸ் இயக்கினார். அவரோடு சேர்ந்து எழுதிய டேவிட் டூஹி பிற்பாடு 'தி ஃபியூஜிட்டிவ்' எழுதினார். முதல் படத்தில் மிஞ்சிய முட்டைகளை, ஈஸ்டர் பண்டிகை முட்டை என்று நினைத்து வர்ணம் பூசி ஊரெல்லாம் விநியோகிக்கிறார்கள். ஈஸ்டர் முயல் வேஷம் கட்டிய ஆசாமிதான் முதல் பந்தியில் பரிமாறப்படுகிறார். முகமில்லாத அந்த இரண்டாவது கூலிவீரன் இந்தமுறை ஓர் ஆபாசப் பத்திரிகையின் நடுப்பக்க அழகியைப் பார்த்து அச்சு அசலாக மாறுகிறான். வயிற்றில் ஸ்டேப்ளர் பின்னோடு. கடைசியில் நூற்றுக்கணக்கான கிரிட்டர்கள் ஒன்றாகத் திரண்டு ஒரே ராட்சத உருண்டையாகி ஊருக்குள் உருளும். ஒருவர்மேல் ஏறி இறங்கினால் மிச்சம் எலும்புக்கூடு. முதல் படத்தைவிட இதுதான் கெட்டிக்காரப் படம் என்பது என் கட்சி. ஜனங்கள் அப்படி நினைக்கவில்லை. 38 லட்சம் டாலரோடு சுருண்டது.

ஏழையிலும் ஏழை ஒருவன் இருப்பான் அல்லவா? அவன் பெயர் 'ஹாப்காப்ளின்ஸ்'. 1988. ரிக் ஸ்லோன் என்பவர் 15,000 டாலரில் எடுத்தார். கிரெம்லின்ஸில் டீ செலவு அதைவிட அதிகம் இருந்திருக்கும். சினிமா ஸ்டூடியோ ஒன்றின் பழைய கிடங்கில், விண்கலத்தில் வந்த குட்டிகள் பல வருஷமாக அடைபட்டுக் கிடக்கின்றன. வெளியே வந்தால் உன் ரகசிய ஆசையை நிறைவேற்றும், பிறகு கொல்லும். பொம்மைகளுக்கு வாயும் அசையாது, கையும் அசையாது. ஆகவே நடிகர்களே பொம்மையை எடுத்துத் தங்கள் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, ஐயோ விடு விடு என்று தரையில் புரள்கிறார்கள். இடையில் இரண்டு பேர் தோட்டத்துக் குப்பைவாரியை வைத்துக்கொண்டு போடும் சண்டை ஒன்று உண்டு. அது ஏன் ஆரம்பித்தது, ஏன் முடியவில்லை என்பது ஹாப்காப்ளின்களுக்கே வெளிச்சம். மோசமான படங்களைப் போட்டுக் கிண்டலடிக்கும் 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இந்தப் படத்தை அனுப்பி வைத்ததே ஸ்லோன்தான். 1998-இல் அவர்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். அந்தப் புகழில் அவர் 2009-இல் இரண்டாம் பாகமும் எடுத்தார். தன்மானம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நடக்குமா?

இனி கிரிட்டர் குடும்பத்தின் கடைசிக் கூத்து. மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு, 1991-92-இல் தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வீடியோ கேசட்டாக வந்தன. மூன்றாவதில் லாஸ் ஏஞ்சலஸ் அடுக்குமாடி ஒன்றில் கிரிட்டர்கள் புகுகின்றன. வீட்டுக்காரரின் மனைவிக்கு முதல் கணவரால் பிறந்த பையன் ஒருவன், நெற்றியில் முடி விழ, அதுகளிடமிருந்து தப்பி ஓடுகிறான். பையன் பெயர் லியனார்டோ டிகாப்ரியோ. முதல் சினிமா. 2016-இல் அவருக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள், கரடி கடித்துக் குதறியதற்காக. 1991-இல் கிரிட்டர் துரத்தியபோது ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கடிக்கிற பிராணிக்கும் ஓர் அந்தஸ்து வேண்டியிருக்கிறது.

முதல் 'கிரிட்டர்ஸ்'ஸில், அந்த வீட்டுப் பெண்ணோடு வைக்கோல் கொட்டகையில் ஒதுங்கி, கிரிட்டருக்கு இரையாகும் காதலன் யார் தெரியுமா? பில்லி ஸேன். பதினொரு வருஷம் கழித்து, 20 கோடி டாலர் கப்பலில் ஒரு பெண்ணுக்காக மோதிக்கொண்டார்களே, 'டைட்டானிக்'கின் காதலனும் மாப்பிள்ளையும், இரண்டு பேருமே கிரிட்டர் கண்ட கைகள். அந்தப் படத்தை இயக்கிய ஜேம்ஸ் கேமரூனின் முதல் படம்? 'பிரான்யா 2'. பறந்துவந்து கடிக்கும் மீன்கள். பனிப்பாறையில் மோதிய அந்த மகா காவியமே பல்லுப் படக்காரர்களின் பழைய மாணவர் சந்திப்புதான்.

நான்காம் பாகம் விண்வெளியில் நடக்கிறது. அதில் ஏஞ்சலா பாசெட் இருக்கிறார். வேறு எதுவும் இல்லை.

முதல் 'கிரிட்டர்ஸ்' வந்த காலத்தில் பூமியின் மறுகோடியில், நியூசிலாந்தில் ஒரு வாலிபர் வார விடுமுறைகளில் நண்பர்களைக் கூட்டிவைத்து, நாலு வருஷமாக ஒரு வேற்றுகிரகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மனிதக் கறியை விண்வெளி ஃபாஸ்ட் ஃபுட் கடைக்குச் சப்ளை செய்ய வந்த கும்பலின் கதை. முகமூடிகளை அம்மாவின் சமையலறை அடுப்பில் வைத்து வேகவைத்தார். 'பேட் டேஸ்ட்', 1987. வாலிபர் பீட்டர் ஜாக்சன். கிரிட்டரை வைத்துப் பிழைத்த நியூ லைன் கம்பெனி பின்னால் இந்த ஆளை நம்பித்தான் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகத்துக்கும் பணத்தைக் கொட்டியது. மூன்றாவது பாகத்துக்கு 11 ஆஸ்கார். வாங்கித் தந்தவர்கள் அங்கேயும் குள்ளர்களே. நாளுக்கு ஏழு வேளை சாப்பிடுகிறவர்கள்.

2019-இல் கிரிட்டர்களை மறுபடி எழுப்பி ஒரு தொடரும் 'கிரிட்டர்ஸ் அட்டாக்!' என்று ஒரு படமும் எடுத்தார்கள். டீ வாலஸ் அதிலும் வந்தார், பாவம், இன்னமும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு. கெல்லி ஊரார் இப்போது குட்டிப் பச்சை மனிதர்களுக்குத் திருவிழாவே எடுக்கிறார்கள். ஆந்தைக்கு யாரும் ஒரு சிலைகூட வைக்கவில்லை.

பார்ப்பதென்றால் முதலிரண்டு 'கிரிட்டர்ஸ்' பாருங்கள், அதுவும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம். மூன்றாவதை டிகாப்ரியோ ரசிகர்கள் மட்டும். 'ஹாப்காப்ளின்ஸ்'ஸைத் தனியாகப் பார்த்துவிடாதீர்கள், பக்கத்தில் திட்டுவதற்கு நாலு நண்பர்கள் அவசியம்.